ஆத்தோரமா ஆயிரம் கிலோமீட்டர்

உக்காரு பாப்பா. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காரு. நீ சுகந்தி டீச்சர் மக நிறைமதிதானே? உங்கம்மா போன்ல சொன்னாங்க, எகிப்துக்குப் போறியாம், அதுவும் தனியா, டூர்காரங்க துணைகூட இல்லாம, ரயில்லயும் வேன்லயுமாப் போறியாம். போயிட்டு வா, நான் தடுக்கல. உள்ள நுழையும்போதே நீ வாசப்பக்கம் பாத்தது எனக்குத் தெரிஞ்சுது. எங்க வீட்டுக்காரர்கிட்ட வழி கேக்கலாம்னுதானே வந்தே? கேக்க முடியாது கண்ணு. அவர் பேசுறதில்ல. பத்து மாசம் ஆவுது. எகிப்துக்குப் போயிருந்தப்ப அங்க வச்சு சர்க்கரை எறங்கிப் பேச்சு போயிடுச்சு. காது கேக்கும், நடப்பாரு, பேப்பர் படிப்பாரு, மூணு வேளையும் சாப்பிடுவாரு. பேச்சு மட்டும் இல்ல. அதனால எதுவா இருந்தாலும் என்னைக் கேளு. நானும் கூடவே போனவதானே.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். ரம்ஜான் நோன்பு மாசத்துல போவாதே. எங்களுக்கு அது தெரியாது. எங்க மக பெங்களூர்ல இருந்து டிக்கெட் எடுத்தா, அவளுக்கும் தெரியாது. எறங்கின அன்னைக்கு டீக்கடை ஒண்ணுகூடத் தொறக்கல, என்ன ஊருடா இதுன்னு நின்னோம். அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது.

எகிப்து என்னோட ஆசை கிடையாது. அவரோட ஆசை. முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டினாரு, சீர்காழி சிதம்பரம், சீர்காழி மாயவரம். கொள்ளிடக்கரை ரோட்டுல ஒரு நாலஞ்சு கிலோமீட்டர் ஆத்தை ஒட்டியே வண்டி போவும். அது அவருக்கு உசுரு. மக படிக்கும்போது அவளோட மேப் புஸ்தகத்தைப் பாத்திருக்காரு. எகிப்துல ஆத்தை ஒட்டியே ஒரு ரோடு, ஆயிரம் கிலோமீட்டர், ஆறும் ரோடும் ரயிலும் ஒண்ணாப் போவுது. அன்னைக்குப் புடிச்சது. ரிட்டையர் ஆன பிறகு அந்த ரோட்டுல ஒரு தடவை, ஓட்டாம, பயணியா உக்காந்து போவணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. பிரமிடை அரை மணி நேரம் பாத்தாரு, அவ்வளவுதான். போலாம் போலாம், ரோட்டுக்குப் போலாம்னு என்னை இழுத்துக்கிட்டு வந்துட்டாரு. மத்தவங்க அதைப் பாக்கத்தான் அவ்வளவு தூரம் போறாங்க.

கெய்ரோவுல ரயில் ஏறினோம். உனக்குத் தெரியாது பாப்பா, அந்த மனுஷன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாரு. மாட்டார்னா, அப்போ. அவருக்கு அரபி எங்க தெரியும்? மக போன்ல எழுதிக் குடுத்த நாப்பது வார்த்தை. அதை வச்சுக்கிட்டு அந்தப் பெட்டி முழுக்க ஒறவு கொண்டாடிட்டாரு. ஒருத்தன் பேரு கேக்குறான், ஒருத்தன் போட்டோ காட்டுறான், ஒரு கிழவர் இவர் கையைப் புடிச்சுக்கிட்டே ரெண்டு ஸ்டேஷன் வராரு. முத்துக்குமாரசாமிங்கற பேரு அவங்க வாயில நுழையல. குமார், குமார்னு கூப்புட்டாங்க. நான் எட்டு வருஷம் தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்தவ. எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும். ஆனா எங்கிட்ட யாரும் பேசல. நானும் ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டேன்.

சோஹாக்னு ஒரு ஊரு. ஒரு நாள்தான் தங்குறதா இருந்துச்சு. வேன் ஸ்டாண்டு இருக்கு பாரு, அங்க போயி டிரைவருங்களோட உக்காந்தாரு, அவ்வளவுதான், நகர மாட்டேங்குறாரு. தானும் டிரைவர்னு சைகையில சொல்லியிருக்காரு. ஸ்டியரிங்கை அவர் கையில குடுத்து ஸ்டாண்டுக்குள்ளயே ஒரு சுத்து ஓட்டச் சொன்னாங்களாம். ரூமுக்கு வந்து என்கிட்ட சின்னப்புள்ள மாதிரி சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. சரி சரின்னு கேட்டுக்கிட்டேன்.

மறுநாள் சாயந்தரம்தான் அந்தக் கூத்து. பொழுது எறங்குற நேரத்துக்குத் தெருவுல நீளமா மேசை போட்டுப் பந்தி வைக்கிறாங்க. யாரு வேணாலும் உக்காரலாம். கருணையாளனோட பந்தின்னு அதுக்குப் பேராம். நோன்பு வச்சவன், வைக்காதவன், வழிப்போக்கன், குப்பை அள்ளுறவன், வக்கீல், எல்லாரும் வரிசையா உக்காந்து பாங்கு சொல்றதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கான். இவரைப் பாத்ததும் குமார், குமார்னு நாலு பேரு எழுந்து வந்தாங்க. இவரும் போயி உக்காந்துட்டாரு பாப்பா. என் கையைப் புடிச்சு இழுக்குறாரு, நீயும் உக்காருன்னு. ஒரு தட்டுல நாலு பேரு கை வைக்கிறான். எச்சில் கிச்சில்னு ஒண்ணும் கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. நாம என்ன சோத்துக்கு வழியில்லாதவங்களா, நடுத்தெருவுல தருமச்சோத்துப் பந்தியில உக்கார? கையை உதறிட்டு ஓட்டலுக்கு நடந்துட்டேன். பின்னாலயே ரெண்டு பொம்பளைங்க ஓடி வந்து கெஞ்சுனாங்க. திரும்பிக்கூடப் பாக்கல.

அதுக்கப்புறம் ரெண்டு நாள் நான் அவர்கிட்டப் பேசல. கோவம் கீவம் ஒண்ணும் கிடையாது. நான் கோவப்படுற ஆளு இல்ல, உங்கம்மாவையே கேளு. பேசாம இருந்தேன், அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்துல அது ஒண்ணும் புதுசு இல்ல. ஒரு தடவை என் தம்பி கல்யாணத்துல ஏதோ சொல்லிட்டாருன்னு ஒரு தையும் மாசியும் பேசாம இருந்திருக்கேன். அவரேதான் வந்து வந்து பேசுவாரு, நான் பதில் சொல்ல மாட்டேன், அப்புறம் ஒரு நாள் தானாச் சரியாயிடும்.

மூணாம் நாள் காலையில. இதைக் கவனமாக் கேளு. அவருக்குச் சர்க்கரை, காலையில ஒரு ஊசி, ராத்திரி ஒரு ஊசி. ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்பிட்டுடணும். சாப்பிடாட்டா சர்க்கரை கிடுகிடுன்னு எறங்கிடும். தெனம் நான்தான் தட்டுல வச்சுக் குடுப்பேன். ஓட்டல்காரர் நபீல்னு ஒரு பெரியவர், நல்ல மனுஷன், தான் நோன்பு வச்சுக்கிட்டு எங்களுக்காக ராத்திரியே ரொட்டியும் அவிச்ச முட்டையும் மூடி வச்சுட்டுப் போவாரு. அன்னைக்கும் வச்சிருந்தாரு. நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். எழுந்திரிக்கல. அவர் ஊசி போட்ட சத்தம் கேட்டுச்சு, பையை மூடின சத்தம் கேட்டுச்சு. போயிட்டு வரேன்னு சொன்னாரு. சொல்லிட்டுக் கதவுகிட்டயே நின்னாரு. கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் செருப்புச் சத்தம் படியில எறங்கிப் போச்சு.

எங்க போறீங்கன்னு நான் கேக்கல. நம்ம பக்கத்துல கேப்பாங்களா, சொல்லு? வெளியில கெளம்புறவங்களை எங்கன்னு கேட்டாப் போற காரியம் உருப்படாது. எங்கம்மா அப்படித்தான் வளத்தாங்க. அதனாலதான் கேக்கல. வேற எதுக்கும் இல்ல.

பத்து மணிக்கு எழுந்து பாக்குறேன், ஊசி ஜன்னல்ல கிடக்கு. ரொட்டி மூடினது மூடினபடி இருக்கு. முட்டையும் அப்படியே இருக்கு. வெளியில போயி டீக்கடையில ஏதாவது சாப்பிட்டுக்கலாம்னு போயிட்டாரா? எந்த டீக்கடை தொறந்திருக்கும்? பையில பிஸ்கட் வச்சிருந்தாலும் நோன்பு வச்சவங்க முன்னால எடுத்துத் திங்க மாட்டாரு. அந்த மாதிரி மனுஷன். போன் ஒண்ணுதான் எங்களுக்கு, அதுவும் என் பையில கிடக்கு. கீழ ஓடினேன்.

நபீல் இங்கிலீஷ்ல கேட்டாரு, எங்க போனாருன்னு. தெரியாதுன்னேன். சொல்லாமப் போனாரான்னு கேட்டாரு. போயிட்டு வரேன்னு சொன்னாரு, நாங்க எங்கன்னு கேக்குறதில்லன்னேன். அந்த ஆளு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. புருஷன் எங்க போறான்னு ஒரு பொண்டாட்டி கேக்க மாட்டாளான்னு அந்தப் பார்வையிலயே தெரிஞ்சுது. அவங்களுக்கு நம்ம பழக்கம் என்ன தெரியும்.

ரெண்டு பேருமா வேன் ஸ்டாண்டுக்குப் போனோம். குமாரான்னு அத்தனை பேரும் எழுந்துட்டாங்க. அந்த ஊர்ல ஒரு இருபது பேருக்கு எங்க வீட்டுக்காரரைத் தெரிஞ்சிருக்கு. அவருக்கு ஒரு மக, பெங்களூர்ல இருக்கான்னு தெரிஞ்சிருக்கு. பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்ல, ரூம்ல படுத்திருக்கான்னு சொல்லி வச்சிருக்காரு. எனக்கு எரிச்சலா வந்துச்சு, ஊருக்கெல்லாம் சொல்றாரே, எங்கிட்ட சொல்லிட்டுப் போனா என்னன்னு. ஒருத்தன் படகுத்துறைங்கறான், ஒருத்தன் பழைய கிறிஸ்தவ மடம் ஒண்ணு இருக்கு அங்கங்கறான், ஒருத்தன் சந்தைங்கறான். தெரியாதுன்னு ஒருத்தன்கூடச் சொல்லல கண்ணு. தேடி வந்தவங்ககிட்டத் தெரியாதுன்னு கை விரிக்கிறது அங்க மரியாதை இல்லையாம். நீயும் ஞாபகம் வச்சுக்கோ, ஒருத்தனை நம்பாதே, மூணு பேரைக் கேளு. நான் எல்லாரையும் நம்பி ஓடினேன். படகுத்துறைக்கு ஓடினேன், இல்ல. மடத்துக்கு ஒரு வேன்ல கூட்டிக்கிட்டுப் போனாங்க, பாலைவனம் மாதிரி வெளி, அங்கயும் இல்ல. சந்தையில ஒவ்வொரு முகமாப் பாத்துக்கிட்டே போறேன். போலீஸ்ல அவர் போட்டோவை வாங்கிக்கிட்டாங்க, அவங்களும் நல்லாத்தான் பேசினாங்க. ஒவ்வொருத்தரும் கேக்குற முதல் கேள்வி, எங்க போறேன்னு சொல்லிட்டுப் போனாரு?

மணி ரெண்டாச்சு, மூணாச்சு. எனக்கு மனசுல ஓடினது ஒண்ணே ஒண்ணுதான். எங்கயாவது மரத்தடியில விழுந்து கிடப்பாரு, போறவன் வர்றவன் எல்லாம் நோன்புக் களைப்புல தூங்குறார்னு நினைச்சுட்டுப் போவான். மனுஷன் தூக்கத்துலயே போயிடுவாரு. போனவருக்கு என் மொகம்கூடத் தெரிஞ்சிருக்காது, முதுகுதான் தெரிஞ்சிருக்கும். சந்தை நடுவுல நின்னு வாய் விட்டு அழுதேன் பாப்பா. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், வாழ்க்கையில முதல் தடவை நாலு பேரு பாக்க அழுதேன். ஒரு பொம்பளை வந்து என் தலையைத் தன் தோள்ல சாய்ச்சுக்கிட்டா. யாரோ எவளோ. காலையில இருந்து பச்சைத்தண்ணி என் பல்லுல படல, ஞாபகமே இல்ல. இவளும் நோன்புன்னு நினைச்சு எல்லாரும் என்னைப் பெரிய மரியாதையாப் பாத்தாங்க.

பொழுது சாயுற நேரத்துக்கு ராகப்னு ஒரு டிரைவர் வெளியூர் சவாரி முடிஞ்சு ஸ்டாண்டுக்கு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில அடிச்சுக்கிட்டான். குமாரை இன்னைக்கு அவன்தான் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கான். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஊரு, கரும்புக்காடு. எங்க ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டானாம், பகல்லயே வந்துடுங்க, பொழுது எறங்கினதும் சேந்து நோன்பு தொறக்கலாம்னு. வீட்டுக்குப் போன் போட்டான், யாரும் எடுக்கல. மறுபடியும் போட்டான், எடுக்கல. வண்டியில ஏறுன்னான். நான் முன்னால ஏறிக்கிட்டேன், நபீல் பின்னால ஏறினாரு.

பாலம் தாண்டினதும் பொழுது போச்சு. ரோட்டுல ஈ காக்கா இல்ல. அத்தனை ஜனமும் எங்க போச்சுன்னு தெரியல. அந்த நேரம் நாலஞ்சு தடியனுங்க நடுரோட்டுல குறுக்கால வந்து கையைக் காட்டி வண்டியை நிறுத்துறானுங்க. ஜன்னலுக்குள்ள கையை விடுறானுங்க. வழிப்பறின்னே நினைச்சுட்டேன். என் கைப்பையால அடிச்சேன் ஒருத்தனை, மொகத்துலயே. அவன் கையில இருந்து பேரீச்சம்பழம் சிதறி என் மடியில விழுந்துச்சு. பாங்கு சொல்லும்போது வண்டியில இருக்கவனுக்கு வாய் நனைக்க ஒண்ணும் இருக்காதுன்னு ரோட்டுல நின்னு குடுக்குறாங்களாம். அடி வாங்கினவன் சிரிச்சுக்கிட்டே இன்னொரு பொட்டலம் நீட்டுறான். அதெல்லாம் பாக்குற நிலைமையிலயா நான் இருந்தேன்? ஓட்டு ஓட்டுன்னு ராகப் தோள்ல குத்தினேன்.

வாய்க்கா ஓரமா வீடு. வாசல்ல பாய் விரிச்சிருந்தாங்க. அவர் உக்காந்திருந்தாரு. கையில குளுக்கோஸ் ஏத்தின பிளாஸ்திரி, தோள்ல யாரோட போர்வையோ, மொகம் வெளுத்துப் போயி. உசுரு போய் உசுரு வந்துச்சு எனக்கு. நடு மத்தியானம் வாய்க்காக்கரையில விழுந்திருக்காரு. ராகப்போட பொண்டாட்டி நாதியா பாத்திருக்கா. அவ அம்மாவுக்குச் சர்க்கரையாம், வேர்வையைப் பாத்ததுமே புரிஞ்சிருக்கு அவளுக்கு. கரும்புப்பாகை விரல்ல எடுத்து ஈறுல தேய்ச்சுத் தேய்ச்சு, அப்புறம்தான் டாக்டரைக் கூட்டியாரச் சொல்லியிருக்கா. வேற்று ஆம்பளை வாயில விரலை விட்டிருக்கா பாரு. டாக்டர் வந்து ஏத்தி, மூணு மணிக்கெல்லாம் தெளிஞ்சுட்டாராம். பெரிய ஊர்ல எந்த ஓட்டல்னு அவருக்குச் சொல்லத் தெரியல. வீட்டுப் போனும் கெட்டுக் கிடந்துச்சாம், ராகப் வந்தா கொண்டு போயி விடுவான்னு வச்சிருந்திருக்காங்க.

பாய் நடுவுல பெரிய தட்டு. சோறு, வழவழன்னு ஒரு கீரை, கோழி, ரொட்டி. அந்த வீட்டு ஜனம் பத்துப் பன்னெண்டு பேரு சுத்தி உக்காந்திருக்கு. பாங்கு சொல்லி அரை மணிக்கு மேல ஆயிருச்சு, ஆளுக்கு ஒரு வாய் தண்ணி குடிச்சதோட சரி, ஒருத்தரும் தட்டுல கை வைக்கல. குமார் பொண்டாட்டி வருவான்னு உக்காந்திருக்காங்க. சோறெல்லாம் ஆறிப்போய்க் கிடக்கு. ஆறின சோத்தை எப்படிப் பாப்பா சாப்பிடுறது?

என்னைப் பாத்ததும் அவர் மொகம் மலந்துச்சு. மெதுவா என் பேரைச் சொல்லிக் கூப்புட்டாரு. "தையல், வா. இவங்க கையால ஒரு வாய் சாப்பிடு. எனக்கு உசுரு குடுத்தவங்க."

அதுதான் அவர் என்கிட்டப் பேசின கடைசிப் பேச்சு.

எனக்குக் காலையில இருந்து அடக்கி வச்சது அத்தனையும் அந்த நேரம் பொங்கிடுச்சு. நாள் பூரா நாயா அலைஞ்சிருக்கேன், செத்துட்டாருன்னே நினைச்சுட்டேன், இவர் இங்க விருந்துல உக்காந்திருக்காரு. என்ன சொன்னேன்னு முழுசா ஞாபகம் இல்ல. சோத்துக்கு அலையுற புத்தி உங்களுக்கு எப்போ போவும்னு கேட்டேன். கண்டவன் எச்சிலத் தின்னு கண்டவ விரலைச் சப்பித்தான் நீங்க பொழைக்கணுமான்னு கேட்டேன். தமிழ்லதான் கேட்டேன், அவங்களுக்கு என்ன புரியும். ஆனா அத்தனை பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அந்த நாதியா மட்டும் எழுந்து வந்து, ரொட்டியைப் பிட்டுக் கீரையில தொட்டு என் வாய்கிட்டக் கொண்டு வந்தா. தட்டி விட்டேன். வேணும்னு இல்ல, கை பட்டுருச்சு. ரொட்டி மண்ணுல விழுந்துச்சு. அவ குனிஞ்சு அதை எடுத்து, முத்தம் குடுத்து, நெத்தியில ஒத்திக்கிட்டுப் பத்திரமா ஓரமா வச்சா. நாம சாமி பிரசாதம் கீழ விழுந்தா எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிற மாதிரி. அவர் அதைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் எழுந்து, அந்த வீட்டு ஆளுங்களை ஒவ்வொருத்தராக் கும்பிட்டுட்டு, நபீல் தோளைப் புடிச்சுக்கிட்டு வண்டியில ஏறிட்டாரு.

வர்ற வழியெல்லாம் பேசல. ரூம்ல பேசல. களைப்புன்னு நினைச்சேன். விமானத்துல பேசல. வீட்டுக்கு வந்தும் பேசல. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு, சர்க்கரை எறங்கினதுல மூளையில ஏதோ ஆயிருக்குன்னு. சிதம்பரத்துல ஸ்கேன் எடுத்தோம், திருச்சியில எடுத்தோம். ஒண்ணும் இல்லம்மா, நரம்பு நல்லா இருக்கு, பேச்சுக்கு ஒண்ணும் ஆவலன்னு சொல்றாங்க. டாக்டருங்களுக்கு என்ன தெரியும். அவங்க கேட்டா ஒண்ணு ரெண்டு பதில் சொல்றாருதான். நான் உள்ள போனதும் நின்னு போயிடுது. அந்த மாதிரி வியாதி போல.

பால்காரர் சொல்றாரு, சார் நேத்து ஒரு மணி நேரம் எகிப்து கதை சொன்னாரும்மான்னு. மக போன் பண்ணினா மாடிக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுறாரு. பஸ் போவும்போது பழைய கண்டக்டரு ஜன்னல்ல இருந்து கத்துறாரு, இவரும் பதிலுக்குக் கத்துறாரு. நான் அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்து பாத்தா வாய் மூடியிருக்கு. அப்பப்ப வருமாம் பேச்சு, என் நேரத்துக்குத்தான் வர மாட்டேங்குது. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நேந்துக்கிட்டு மொட்டையும் போட்டுட்டு வந்துட்டேன் பாப்பா, இந்தத் தலைமுடி இப்பத்தான் வளருது. பக்கத்துல உக்காந்து பேசிப் பாத்தேன். திட்டிப் பாத்தேன். கால்ல விழுந்துகூடப் பாத்தேன். என் கையைப் புடிச்சுத் தூக்கி விட்டாரு, அவ்வளவுதான். தூக்கி விடும்போது கண்ணுல தண்ணி நின்னுச்சு அவருக்கு. அப்பக்கூட ஒரு வார்த்தை வரல. ராத்திரி தூக்கத்துல ஏதாவது சொல்வாரான்னு முழிச்சுக்கிட்டே கிடக்கேன். இந்த வீட்டுல என் கொரல் மட்டும்தான் கேக்குது, எனக்கே பயமா இருக்கு.

சரி, அதை விடு. காபி ஆறிடும். ரெண்டு டம்ளரா ஊத்தியிருக்கேன், ஒண்ணு உனக்கு, ஒண்ணு அவருக்கு. கொண்டு போயி வாசல்ல அவர் பக்கத்துல உக்காரு. எகிப்து போறேன்னு சொல்லு. அந்த ரோட்டைப் பத்திக் கேளு, வேன்காரங்களைப் பத்திக் கேளு, அந்த வீட்டைப் பத்திக் கேளு. உன்கிட்டப் பேசுவாரு, புது ஆளுங்ககிட்ட அவருக்கு நல்லா வரும். கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லு கண்ணு. நான் இந்த ஜன்னலுக்குக் கீழ தரையில உக்காந்துக்கிறேன். உள்ள நான் இருக்கேன்னு மட்டும் சொல்லிடாதே.